படகை நிறுத்த நங்கூரமா, மிதவையா? குற்றாலம் சீசன் முடிச்சு கடல் பக்கம் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்கு வரும் பல குடும்பங்களின் திட்டம் ஒன்றுதான். இரண்டு நாள் அருவிக் குளியல், ஐந்தருவி சாலையில் வெண்ணமடை குளத்தில் ஒரு படகுச் சவாரி, அப்புறம் அப்படியே தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று கடல் பக்கம் ஒரு சுற்று.

குளத்திலும் படகில் ஏறுகிறோம், கடலிலும் படகில் ஏறுகிறோம். ஆனால் படகு நிற்கும் விதம் இரண்டு இடத்திலும் வேறு. குளத்தில் சவாரி முடிந்ததும் படித்துறையில் கயிறு கட்டினால் வேலை முடிந்தது. கடலில், தீவுப் பக்கம், கட்டுவதற்குத் துறை இருக்காது. அங்கே இரண்டு வழிதான். ஒன்று, நங்கூரம் போடுவது. இன்னொன்று, கடல் தரையில் நிரந்தரமாகப் பொருத்திய மிதவையில் படகைக் கட்டுவது.

'இதில் என்ன பெரிய வித்தியாசம்?' என்று தோன்றலாம். படகில் இருப்பவர்களின் பாதுகாப்பு, அடியில் இருக்கும் பவளப்பாறை, அதை நம்பி வாழும் மீனவர் பிழைப்பு எல்லாம் இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது. எது எப்போது சரி? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• அடியில் மணலோ சேறோ இருந்தால் நங்கூரம் போதும். நல்ல பிடி கிடைக்கும், பெரிய சேதமும் இல்லை.
• அடியில் பவளப்பாறையோ கடற்புல்லோ இருந்தால் மிதவைதான் சரி.
• ஆனால் பராமரிப்பு இல்லாத மிதவை, நங்கூரத்தை விட ஆபத்தானது.
• கூட்டம் சேரும் இடத்தில் மிதவை என்பது வாகன நிறுத்தம் மாதிரி. எத்தனை படகு, எவ்வளவு நேரம் என்ற விதி இல்லாவிட்டால் பலன் பாதிதான்.

குற்றாலச் சாரலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சம்பந்தம் இருக்கிறது.

முதலாவது, தண்ணீர். குற்றால மலையில் இறங்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அருவியில் நம் தலையில் விழும் தண்ணீரில் ஒரு பங்கு கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கடல்தான்.

இரண்டாவது, காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது ஆரியங்காவு கணவாய் பக்கமாகப் புகுந்து, தென்காசி மாவட்டத்தின் காற்றாலைகளைச் சுற்றவிட்டு, கிழக்கே கடல் வரை போகிறது. கடற்கரையில் இதே மேற்குக் காற்றைக் கச்சான் என்பார்கள். அதாவது, குற்றாலத்தில் சீசன் களைகட்டும் அதே மாதங்களில்தான் மன்னார் வளைகுடாவில் காற்றும் அலையும் கூடுதல். சுற்றுலாப் பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க நினைப்பது, படகை நிறுத்துவதற்குச் சற்றே கஷ்டமான மாதங்களில்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடி கடற்கரை கிழக்கு நோக்கியது. மேற்குக் காற்றில் நங்கூரம் பிடி விட்டால் படகு கரைக்கு வராது, நடுக்கடல் பக்கம்தான் போகும். மண்டபம் பக்கத் தீவுகளில் கடல் தெற்கே இருக்கிறது. அங்கே தென்மேற்குக் காற்று படகைப் பாறை மேலேயே தள்ளலாம். இரண்டுமே நல்ல செய்தி இல்லை.

நங்கூரம் எப்படிப் பிடிக்குது?

நங்கூரத்தின் எடைதான் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கல்லைக் கட்டி இறக்கிய காலத்தில் அது சரி. இன்றைய இரும்பு நங்கூரத்தில் பெரும்பகுதி வேலையைச் செய்வது அதன் கொழுமுனைதான். கயிறு படுக்கை வாக்கில் இழுக்கும்போது ஏர் உழுவது போல அந்த முனை தரைக்குள் இறங்குகிறது. அதே கயிறு நேர் மேலே இழுத்தால் முனை தரையிலிருந்து கழன்றுவிடும். நங்கூரத்தைத் திரும்ப எடுக்கும்போது படகோட்டி செய்வது இதைத்தான்.

அதனால்தான் ஆழம் எவ்வளவோ அவ்வளவு கயிறு மட்டும் விட்டால் போதாது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது:

• முழுக்கச் சங்கிலி என்றால் ஆழத்தைப் போல 3 முதல் 5 மடங்கு.
• பெரும்பகுதி கயிறு என்றால் சுமார் 7 மடங்கு.
• ஆழம் என்பதில் தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் முகப்பு வரையிலான உயரமும் சேர்த்தி. ஓதம் ஏறும் அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஓத ஏற்றம் ஒரு மீட்டருக்குள்தான்.

ஒரு உதாரணம். 4 மீட்டர் ஆழம், முகப்பு உயரம் 1 மீட்டர். மொத்தம் 5. இதை 7 ஆல் பெருக்கினால் 35 மீட்டர் கயிறு வேண்டும். காற்று திசை மாறும்போது படகு அந்தக் கயிற்றின் நீளத்துக்கு வட்டமடிக்கும். 10 மீட்டர் நீளப் படகு என்றால், கிட்டத்தட்ட 90 மீட்டர் விட்டமுள்ள வட்டம் அந்த ஒரு படகுக்கே தேவை. யாரும் இல்லாத கடலில் இது பிரச்சினையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்துப் படகு ஒரே தீவின் ஓரத்தில் வந்து நின்றால்?

அப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான். பக்கத்துப் படகில் முட்டிவிடக் கூடாது என்று கயிற்றைச் சுருக்கிக்கொள்வார்கள். கயிறு சுருங்கினால் இழுவை மேல் நோக்கிப் போகும், பிடி குறையும். காற்று இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காலையில் அசையாமல் நின்ற படகு மதியம் நழுவுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நங்கூரத்தால் என்ன சேதம்?

சேறும் மணலும் உழுதாலும் சில நாளில் சமமாகிவிடும். பவளப்பாறை அப்படி இல்லை. அது கல் போலத் தெரிந்தாலும் உயிருள்ளது. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டிய வீடு. பெரிய உருண்டை வகைப் பவளங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். கிளை வகைகள் சற்று வேகம், ஆனால் சட்டென்று முறிந்துவிடும். ஒரு நங்கூரம் ஒரு நொடியில் உடைப்பதை மீண்டும் கட்ட பத்து, இருபது வருடம் ஆகலாம்.

சேதம் மூன்று கட்டமாக நடக்கிறது. நங்கூரம் விழும்போது ஒன்று. படகு வட்டமடிக்கும்போது சங்கிலி தரையைத் துடைப்பம் போலப் பெருக்குவது இரண்டாவது. இடுக்கில் சிக்கிய நங்கூரத்தை இழுத்து எடுக்கும்போது பாறையோடு பெயர்வது மூன்றாவது.

இதில் மோசமானது இரண்டாவதுதான். தரையில் கிடக்கும் சங்கிலி 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகு ஒரு முழு வட்டம் அடித்தால் 314 சதுர மீட்டர் பெருக்கப்பட்டுவிடும். நம்ம ஊர்க் கணக்கில் ஏழே முக்கால் சென்ட் நிலம். ஒரு படகு, ஒரு நாள், ஒரு வீட்டு மனைக்கும் மேலே.

கடற்புல் தரையிலும் இதே கதை. சங்கிலி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசினால் புல்வெளியில் வட்டமாக வழுக்கை விழும். கடற்புல்தான் ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் உணவு. தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்ததற்குக் காரணமே அங்கே இருக்கும் கடற்புல் வெளிதான். இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடமும் அதுவே.

குற்றாலத்தில் இதற்கு நல்ல ஒப்புமை இருக்கிறது. அருவியில் சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை. ஒருவர் ஒரு பாக்கெட் ஷாம்பு போட்டால் சிற்றாறு கெட்டுவிடாது. சீசனில் ஆயிரக்கணக்கானோர் போடும்போதுதான் கெடுகிறது. நங்கூரமும் அப்படித்தான். ஒரு வள்ளத்தின் நங்கூரம் கடலை அழித்துவிடாது. எல்லோருக்கும் பிடித்த அதே இடத்தில், அதே பாறையில், தினமும் விழும் நங்கூரம்தான் சிக்கல்.

சரி, மிதவைன்னா என்ன?

கடலில் தெரியும் எல்லா மிதவையும் படகு கட்டுவதற்கானது இல்லை. சில எல்லையைக் காட்டும், சில வழியைக் காட்டும், சில மீன்வலையின் அடையாளம். படகு கட்டும் மிதவைக்கு மூன்று பாகம் உண்டு.

1. அடிப்பிடி: கடல் தரையில் நிரந்தரமாக இருக்கும் பகுதி. பாறைத் தரையில் உயிருள்ள பவளம் இல்லாத இடமாகப் பார்த்துத் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு வளையத்தைச் சிமென்ட்டால் பொருத்துவார்கள். மணல் தரையில் திருகு வடிவக் கம்பியை இறக்குவார்கள், அல்லது கனமான கான்கிரீட் கட்டையை வைப்பார்கள்.
2. இடைக் கயிறு: அடிப்பிடியையும் மிதவையையும் இணைப்பது. இது தரையில் உரசாமல் தண்ணீருக்குள் நின்றபடி இருப்பது முக்கியம்.
3. மிதவையும் பிடிகயிறும்: படகோட்டி கொக்கியால் எடுத்துத் தன் படகின் முகப்பில் கட்டுவது இந்தப் பிடிகயிற்றைத்தான்.

நன்மைகள் தெளிவு. தரையில் புதிதாக எதுவும் விழுவதில்லை, எதுவும் பெருக்குவதில்லை. நீளக் கயிறு தேவையில்லாததால் படகு சின்ன வட்டத்துக்குள் நிற்கும். 90 மீட்டர் விட்டம் வேண்டிய படகுக்கு இங்கே அதில் பாதிகூடத் தேவைப்படாது. அதே இடத்தில் கூடுதல் படகுகள் மோதாமல் நிற்கலாம். நங்கூரத்தை இழுத்து எடுக்கும் வேலையும் மிச்சம்.

இது எங்கே ஆரம்பிச்சது?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கீ லார்கோ என்ற இடத்தில். அங்கே பவளப்பாறை பார்க்க வரும் படகுகளின் நங்கூரத்தால் பாறை உடைவதைக் கண்ட ஜான் ஹாலஸ் என்ற கடல் உயிரியலாளர், பாறையில் துளையிட்டு எஃகு வளையம் பொருத்தும் முறையை 1981-ல் உருவாக்கினார். பிரெஞ்ச் ரீஃப் என்ற இடத்தில் வைத்த சில மிதவைகளில் தொடங்கியது. இன்று ஃபுளோரிடா கீஸ் கடல் சரணாலயத்தில் நானூறுக்கும் மேற்பட்ட மிதவைகள் உள்ளன. கட்டணம் இல்லை. முதலில் வருபவருக்கு முதலில் இடம். உலகின் பல பவளப்பாறைப் பகுதிகள் பின்னர் இதே முறையை எடுத்துக்கொண்டன.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் விதிகள் இன்னும் நுணுக்கமானவை. எவ்வளவு நீளப் படகு எந்த மிதவையில் கட்டலாம் என்பதை மிதவையின் நிறப்பட்டையே சொல்லிவிடும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நங்கூரம் போடாதே என்று காட்டுவதற்கு மட்டும் தனியாக வெள்ளைக் கூம்பு மிதவைகள் உண்டு.

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் உள்ள ஸ்டட்லண்ட் விரிகுடா இன்னொரு விதமான பாடம். கோடையில் படகுகள் குவியும் இடம் அது. அடியில் கடற்புல், அதில் கடற்குதிரைகள். 2021 டிசம்பரில் அங்கே ஒரு பகுதியில் நங்கூரம் போட வேண்டாம் என்று வேண்டுகோள் விடுக்கப்பட்டது. சட்டத் தடை இல்லை, படகுக்காரர்கள் தாமாகக் கடைப்பிடிக்க வேண்டிய ஏற்பாடு. மாற்று இல்லாமல் 'போடாதே' என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால், தரையில் உரசாத சங்கிலியில்லா மிதவைகளும் அங்கே வைக்கப்பட்டன. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளோ 2018-ல் நேரடியாகச் சட்டமே போட்டுவிட்டன: கடற்புல் மேல் நங்கூரம் போடக் கூடாது.

நமக்குப் பக்கத்தில் இலங்கையிலும் இதே கவலை பழையது. ஹிக்கடுவ பவளப்பாறைப் பகுதி 1979-ல் சரணாலயமாகவும் 2002-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கண்ணாடி அடிப் படகுகள், அவற்றின் நங்கூரம், பாறை மேல் ஏறி நிற்கும் பயணிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து அங்கே பாறையைத் தேய்த்தன. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவு 2003-ல் தேசியப் பூங்கா ஆனது. அங்கும் கூட்டம்தான் பெரிய சவால்.

அப்போ எல்லா இடத்திலும் மிதவை போட்டுடலாமா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மிதவை என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடும் சாமான் இல்லை.

முதல் சிக்கல், அடிப்பிடி. கிணற்றுக்குள் கல்லைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் கனம் குறையும். 1,000 கிலோ கான்கிரீட் கட்டை கடல் தண்ணீருக்குள் சுமார் 570 கிலோதான் கனக்கும். கரையில் பார்க்க மலை மாதிரி இருந்ததே என்று நம்பிப் பெரிய படகைக் கட்டினால், அலை தூக்கும்போது கட்டையையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, தேய்மானம். கயிறு வெயிலில் இற்றுப்போகும். இணைப்பு வளையம் உப்பில் அரிக்கும். சிப்பியும் பாசியும் ஏறி மிதவை பாதி மூழ்கும். மேலே பளிச்சென்று புது மிதவை தெரியும், கீழே வளையம் நூலிழையில் நிற்கும். நங்கூரம் போடும் படகோட்டிக்குத் தன் கயிறு எப்படி இருக்கிறது என்று தெரியும். யாரோ எப்போதோ வைத்த மிதவையில் கட்டுபவருக்கு அது தெரியாது. பராமரிப்பில்லாத மிதவை நங்கூரத்தை விட ஆபத்து என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, சங்கிலி. பழைய பாணியில் கட்டையும் நீளச் சங்கிலியுமாக வைத்தால், அந்தச் சங்கிலியே சுற்றிலும் தரையைப் பெருக்கும். நங்கூரத்துக்குப் பதில் மிதவை வைத்தோம் என்று கணக்குக் காட்டலாம். அடியில் சேதம் அப்படியே இருக்கும்.

நான்காவது, கூட்டம். மிதவை வைத்ததும் அந்த இடம் வசதியாகிவிடும். வசதியானால் இன்னும் படகுகள் வரும். குற்றாலத்தில் புதிதாக வாகன நிறுத்தம் திறந்தால் சீசனில் என்ன நடக்கும் என்று தென்காசிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் மிதவையின் எண்ணிக்கைதான் அந்த இடத்தின் வரம்பாக இருக்க வேண்டும். எல்லா மிதவையிலும் படகு நின்றால் அடுத்த படகு காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் ஏன் இது முக்கியம்?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் சங்கிலி போல அமைந்துள்ளன. 1986-ல் இவை 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இந்தத் தீவுகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் பதிவாகியுள்ளன. அலையின் வேகத்தை வெளியிலேயே உடைத்துக் கரைக்கு அனுப்புவது இந்தப் பாறைகள்தான்.

பாறை போனால் தீவும் போகும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள காரியாசல்லித் தீவு 1969-ல் சுமார் 21 ஹெக்டேர். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வான் தீவைக் காப்பாற்ற கடலுக்குள் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்க வேண்டியிருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த அழிவுக்கு நங்கூரம் முதல் காரணம் இல்லை. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் நடந்த பவளப்பாறை வெட்டுதான் பெரிய அடி. 2001-ல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது. அடுத்து, கடல் வெப்பம். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன.

அப்படியானால் நங்கூரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? கடலின் சூட்டைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து குறைக்க முடியாது. நங்கூரம் எங்கே விழுகிறது என்பதை நாளைக் காலையிலேயே மாற்ற முடியும். வெளுத்த பவளம் சூடு தணிந்தால் மீண்டும் உயிர்பெறலாம். உடைந்து புரண்ட பவளத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

மீனவர்களுக்கு இதில் என்ன?

பாறைத் தரையை மீனவர்கள் பார் என்பார்கள். பாரில்தான் மீன் தங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததில்லை. தூண்டில் போட வரும் சின்ன வள்ளத்துக்கு பார் அருகே நிற்க வேண்டிய அவசியமும் உண்டு. சுற்றுலாப் படகுக்கு ஒரே இடம் போதும். மீனவருக்கு இன்று இங்கே, நாளை வேறெங்கோ.

அதனால் இரண்டுக்கும் ஒரே விதி சரிவராது. தினமும் அதே இடத்தில் பயணிகளை இறக்கும் படகுகளுக்குத்தான் மிதவை முதலில் தேவை. மீனவர்கள் பாருக்குப் பக்கத்து மணல் திட்டில் நங்கூரம் போட்டு, கயிற்றை நீளவிட்டு பார் ஓரத்தில் நிற்கலாம். பல பெரியவர்கள் நங்கூரத்தைக் காப்பாற்றவே இப்படிச் செய்பவர்கள்தான். பாறை இடுக்கில் சிக்கினால் நங்கூரமும் போச்சு, கயிறும் போச்சு.

மிதவை வைப்பதென்றால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மீனவர்களைக் கேட்க வேண்டும். நீரோட்டம் எங்கே திரும்பும், எந்த மாதம் எந்தப் பக்கம் அலை ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வரைபடத்துக்குத் தெரியாது. பராமரிப்பு வேலைக்கும் அதே ஊர் இளைஞர்களைப் பழக்கினால், வருமானமும் அங்கேயே தங்கும், மிதவையையும் தங்கள் பொருளாகப் பார்த்துக்கொள்வார்கள்.

எந்த இடத்தில் எது? ஒரே பார்வையில்

• சேறு, களிமண் தரை: நங்கூரம். பிடி பலமாக இருக்கும்.
• மணல் தரை: நங்கூரம். கயிறு போதுமான நீளம் விட வேண்டும்.
• மணலும் பாறையும் கலந்த தரை: மிதவை இருந்தால் மிதவை. இல்லாவிட்டால் மணல் திட்டைப் பார்த்து, சங்கிலி பாறையில் படாத தூரத்தில் நங்கூரம்.
• பவளப்பாறை: மிதவை மட்டும். மிதவை இல்லையென்றால் அங்கே நிற்காமல் தள்ளிப் போவது.
• கடற்புல்: தரையில் உரசாத மிதவை, இல்லையென்றால் வெளியே உள்ள வெறும் மணல்.
• திடீர்ப் புயல்காற்று, படகில் கோளாறு: உயிர்தான் முதலில். எது கைக்கு வருகிறதோ அதைப் பயன்படுத்த வேண்டியதுதான்.

மிதவையில் கட்டும்போது கவனிக்க வேண்டியவை

• காற்றை எதிர்கொண்டு மெதுவாக நெருங்க வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ளும்போது போனால் படகு மிதவை மேலேயே ஏறிவிடும்.
• கயிற்றை எடுக்கும் நேரத்தில் இன்ஜின் நியூட்ரலில் இருக்க வேண்டும். பிடிகயிறு புரொப்பல்லரில் சுற்றினால் சிக்கல்.
• கொக்கிக் கம்பால்தான் கயிற்றை எடுக்க வேண்டும். இழுவையில் இருக்கும் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தால் விரல் போகும்.
• கட்டியதும் கிளம்பிவிடாமல் சில நிமிடம் கவனிக்க வேண்டும். கரையில் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களை, உதாரணமாக ஒரு கோபுரத்தையும் ஒரு செல்போன் டவரையும், குறித்து வைத்துக்கொண்டால், அவை விலக ஆரம்பிப்பதை வைத்துப் படகு நழுவுவதைக் கண்டுபிடிக்கலாம். நங்கூரத்துக்கும் இதே சோதனைதான்.
• ஒரு மிதவையில் ஒரு படகு. இரண்டாவது படகை முதல் படகோடு சேர்த்துக் கட்டினால் மிதவையின் மேல் விழும் சுமை கூடிவிடும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றாலம் படகு குழாமில் மிதவை தேவையா?
இல்லை. வெண்ணமடை குளம் ஆழம் குறைந்த, அலை இல்லாத குளம். மிதி படகும் துடுப்புப் படகும் சவாரி முடிந்ததும் துறைக்கே திரும்பிவிடும். அங்கே பயணி கவனிக்க வேண்டியது உயிர்காப்பு உடையை மட்டும்தான்.

எல்லை மிதவையில் படகைக் கட்டலாமா?
கூடாது. அதன் அடிப்பிடி படகின் இழுவையைத் தாங்கும்படி செய்யப்பட்டது இல்லை. அது நகர்ந்துவிட்டால் அடுத்து வருபவர்களுக்கு எல்லையே தவறாகத் தெரியும்.

தீவுகளுக்கு நாமே படகு பிடித்துப் போகலாமா?
மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்க முடியாது. வனத்துறை ஏற்பாட்டில் நடக்கும் படகுச் சவாரிகளில் போவதுதான் முறை. பவளத்தை உடைப்பதும் ஞாபகார்த்தமாக எடுத்து வருவதும் குற்றம்.

பயணியால் என்ன செய்ய முடியும்?
ஒரே ஒரு கேள்வி கேட்க முடியும். படகு நிற்கப் போகும்போது, "அண்ணாச்சி, அடியில மணலா, பாரா?" என்று கேளுங்கள். மணல் என்றால் நிம்மதியாக உட்காருங்கள். பார் என்று பதில் வந்தால், கொஞ்சம் தள்ளி மணலில் நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகலாம், தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறலாம். அடுத்த சீசனுக்கு உங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரும்போது காட்டுவதற்கு அடியில் ஏதாவது மிச்சம் இருக்கும்.